மழையை முந்த ஒரு மெமரி

மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. நேமத்தான்பட்டியில் பிற்பகல் மூன்றே முக்காலுக்கு மழை பிடித்துக்கொண்டது. ஈஸ்வரன் களத்தில் கடலை காயப்போட்டிருந்தார். தார்ப்பாயை இழுத்து மூடுவதற்குள் பாதிக் கடலை நனைந்துவிட்டது. மழை விட்டு வெயில் எட்டிப்பார்த்த நேரத்தில் அவருடைய போனில் ஒரு செய்தி வந்து விழுந்தது: "இன்று மாலை நான்கு மணியளவில் நேமத்தான்பட்டி சுற்று வட்டாரத்தில் இடியுடன் மழைக்கு வாய்ப்பு."

ஈஸ்வரன் குரல் பதிவில் பதில் போட்டார். "தங்கச்சி, மழை பெஞ்சு முடிஞ்சு நான் கடலைய பிழிஞ்சுக்கிட்டு இருக்கேன். இப்ப வந்து மழை வரும்ன்டு சொல்றீக. நாளைக்காச்சும் கொஞ்சம் வெள்ளன சொல்லுங்க."

அந்த வாட்ஸ்அப் குழுவில் நூற்று நாற்பது பேர் இருந்தோம். எல்லாரும் சிரித்தோம். செய்தியை அனுப்பிய பொன்னழகும் சிரித்ததாகத்தான் பிற்பாடு என்னிடம் சொன்னார். ஆனால் அன்று அவர் அந்தக் குரல் பதிவை நான்கு முறை கேட்டிருக்கிறார். கணிப்பு சரி, இடம் சரி, நேரமும் சரி. எல்லாம் சரியாக இருந்தும் எதற்கும் உதவவில்லை.

பொன்னழகுக்கு நாற்பத்து நான்கு வயது. காரைக்குடிக்குப் பக்கத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். வீடு கோட்டையூரில். கணவர் மலையாண்டி சொந்தமாகச் சின்ன லோடு வண்டி ஓட்டுகிறார். அலுவலகத்தில் பொன்னழகின் வேலைகளில் ஒன்று, காலை எட்டரைக்கு மழைமானியைத் திறந்து, முந்தைய நாள் மழையை அளந்து நோட்டில் எழுதுவது. பத்தொன்பது வருடமாக அதைச் செய்கிறார். பெரும்பாலான நாட்களில் எழுத வேண்டியது பூஜ்யம்தான்.

அந்தப் பூஜ்யம்தான் அவரைக் கிளப்பிவிட்டது. ஒரு நாள் கோட்டையூரில் தெரு முழங்கால் அளவு தண்ணீரில் நிற்க, பொன்னழகு சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி அலுவலகம் வந்தார். மழைமானியைத் திறந்தால் உள்ளே ஒரு சொட்டு இல்லை, தூசிதான் இருந்தது. இடையில் சில கிலோமீட்டர்தான். அங்கே கொட்டிய மேகம் இங்கே ஏன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை? அலுவலகத்தில் கேட்டார். "மழைன்னா அப்படித்தாம்மா" என்றார்கள். கல்லூரியில் இயற்பியல் படித்தவருக்கு அந்தப் பதில் போதவில்லை.

கொரோனா ஊரடங்கில், எல்லாரும் வீட்டில் அடைந்து கிடந்த மாதங்களில், அவர் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு வீடியோ வீடியோவாகப் பார்த்தார். உலகம் முழுக்க வானிலை ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்தும் கணிப்பு மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, யார் வேண்டுமானாலும் இறக்கி ஓட்டலாம் என்று தெரிந்தது. கல்யாண வீடியோ எடிட் செய்துகொண்டிருந்த ஒருவர் தொழிலை விட்டபோது விற்ற பழைய கம்ப்யூட்டரை வாங்கினார். அதில் அந்த மென்பொருளை ஏற்றி ஓடவைக்க அவருக்கு ஐந்து மாதம் ஆனது. முதல் முறை அது பிழை இல்லாமல் ஓடி முடித்தபோது, வைகை அணையிலிருந்து தொண்டிக் கடற்கரை வரையுள்ள நிலத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே காற்றும் ஈரமும் எப்படி மாறுகின்றன என்று திரையில் வரைந்து காட்டியது. மலையாண்டி பார்த்துவிட்டு, "நல்லா கலரா இருக்கு" என்றார்.

குழு தொடங்கியது அதற்கு அடுத்த வருடம். ஒவ்வொரு செய்தியின் அடியிலும் "இது என் சொந்த முயற்சி. அரசு அறிவிப்பையே நம்புங்கள்" என்று ஒரு வரி இருக்கும். சிக்கல் நேரத்தில்தான் இருந்தது. காலை ஐந்தரை மணி நிலவரம் இணையத்தில் முழுதாக வந்து சேரப் பத்தரை ஆகிவிடும். அப்போது வீட்டிலிருக்கும் கம்ப்யூட்டர் தானாகவே இறக்கிக்கொண்டு வேலையை ஆரம்பிக்கும். மாலை ஆறு மணி வரைக்குமான கணிப்பைப் போட்டு முடிக்க அதற்கு ஏழு மணி நேரம் வேண்டும். நாலு மணிக்கு என்ன நடக்கும் என்பது நாலு இருபதுக்குத்தான் தெரியவரும். செட்டிநாட்டுப் பக்கம் கோடை மழை மூன்றரையிலிருந்து ஐந்துக்குள் அடித்துவிட்டுப் போய்விடும். கம்ப்யூட்டரும் மழையும் தினமும் ஓட்டப்பந்தயம் ஓடின. தினமும் மழைதான் ஜெயித்தது.

ஈஸ்வரனின் குரல் பதிவு வந்த அன்று மாலையே பொன்னழகு கம்ப்யூட்டரின் பக்கப் பலகையைக் கழற்றிப் பார்த்தார். புராசசர் மோசமில்லை, ஒரே நேரத்தில் எட்டுக் கணக்குப் போடும் எட்டுக் கோர். ஆனாலும் கணிப்பு ஓடும்போது அது முழு மூச்சாக உழைப்பதாகத் தெரியவில்லை. ஏதோ ஒன்றுக்காகக் காத்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது. எண்கள் எல்லாம் மெமரியில் இருக்கின்றன. புராசசர் அங்கிருந்து எடுத்துக் கணக்குப் போட்டுத் திரும்ப வைக்கிறது. மெமரி மெதுவாக இருந்தால் அது சும்மாதான் நிற்க வேண்டும். பதினாறு ஜி.பி.யில் ஒரே ஒரு மெமரி ஸ்டிக் செருகியிருந்தது. அதன் மேல் 2666 என்றும், பக்கத்தில் சி.எல். 19 என்றும் எழுதியிருந்தது.

முதல் எண் வேகம் என்று அவருக்குத் தெரியும். இரண்டாவது எண் என்ன?

அடுத்த ஒரு வாரம் அவர் அந்த இரண்டாவது எண்ணோடுதான் குடித்தனம் நடத்தினார். மெமரிக்கும் இதயம்போல ஒரு துடிப்பு உண்டு. புராசசர் "இந்த எண்ணைக் கொடு" என்று கேட்டால், மெமரி உடனே கொடுப்பதில்லை. இத்தனை துடிப்பு கழித்துத்தான் முதல் தகவல் வெளியே வரும். சி.எல். என்பது அந்தத் துடிப்புகளின் எண்ணிக்கை. அதைத்தான் லேட்டன்சி, அதாவது காத்திருப்பு என்கிறார்கள். முதல் எண், தகவல் வரத் தொடங்கிய பிறகு எவ்வளவு விரைவாகக் கொட்டும் என்பதைச் சொல்கிறது.

விற்பனைக்கு இருந்த மெமரிகளில் சி.எல். 18 என்றும் 14 என்றும் போட்டிருந்தது. பதினெட்டைவிடப் பதினான்கு சின்ன எண், அதனால் அது நல்லது என்று இணையத்தில் பலர் எழுதியிருந்தார்கள். பொன்னழகு அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. துடிப்பின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் எப்படி, ஒரு துடிப்பு எவ்வளவு நேரம் என்று பார்க்க வேண்டாமா? பஸ்ஸில் போகும்போது ஒரு பழைய டிக்கெட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். ஒரு துடிப்புக்கு இரண்டு தடவை தகவல் கைமாறுகிறது. ஆக 3600 என்று எழுதியிருந்தால், நொடிக்கு ஆயிரத்து எண்ணூறு மில்லியன் துடிப்பு. பதினெட்டுத் துடிப்புக்குச் சரியாகப் பத்து நானோ செகண்ட். 3200 என்று எழுதி, சி.எல். 14 என்றிருந்தால் எட்டே முக்கால். தன் வீட்டில் இருப்பதற்குப் பதினாலே கால்.

ஆக, கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று சீக்கிரம் பதில் சொல்லும், ஆனால் கொஞ்சம் மெதுவாகக் கொட்டும். இன்னொன்று சற்றுத் தாமதித்துத் தொடங்கும், ஆனால் வேகமாகக் கொட்டும். எதை வாங்குவது?

ராத்திரிச் சாப்பாட்டின்போது இதை மலையாண்டியிடம் சொன்னார். அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"குடோன் கேட்டுல சீட்டுப் போட்டு நிக்கிற நேரம் ஒண்ணு, லோடு ஏத்துன பொறகு வண்டி போற வேகம் ஒண்ணு. அதானே சொல்ற?"

"ஆமா. அதேதான்."

"எனக்குன்னா நான் சொல்லிருவேன். சிமெண்டு மூட்டைன்னா ஒரு தடவ நின்னா போதும், நாளு பூரா ஒரே எடத்துல இருந்து அடிக்கலாம். கூரியர் பார்சல்ன்டா முப்பது கேட்டுல நிக்கணும். ஒன் மெஷினு எத்தனை தடவ கேட்டுல போய் நிக்குது?"

பொன்னழகுக்கு அது தெரியாது. கணிப்பு மென்பொருள் மெமரியிலிருந்து எண்களை வரிசையாக அள்ளுகிறதா, அங்கொன்று இங்கொன்றாகப் பொறுக்குகிறதா? கட்டங்களின் மேல் அடுக்கடுக்காக வரிசையாகத்தான் போகும் என்று தோன்றியது. ஆனால் தோன்றுவதை வைத்து வாங்கிவிட்டு, தப்பாகப் போனால் என்றைக்கும் உறுத்திக்கொண்டே இருக்கும். அளந்து பார்த்துவிட வேண்டியதுதான்.

காரைக்குடி நூறடி ரோட்டில் வள்ளியப்பன் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். முப்பத்தைந்து வயது. வரும் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் கேம் விளையாடும் இளவட்டங்கள். சனிக்கிழமை காலையில் ஒரு லோடு வண்டி கடை வாசலில் வந்து நின்று, அதிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டரை ஒரு அம்மா துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு இறங்கியதும் ரிப்பேர் என்றுதான் நினைத்தார்.

"என்னக்கா, ஆன் ஆகலையா?"

"நல்லா ஓடுது தம்பி. மெமரி வாங்கணும். ஆனா வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டையும் போட்டு ஓட்டிப் பாக்கணும்."

"ரெண்டைன்னா?"

"3200 சி.எல். 14 ஒண்ணு, 3600 சி.எல். 18 ஒண்ணு."

வள்ளியப்பன் நிமிர்ந்து பார்த்தார். "கேம் விளையாடுவீகளா?"

"மழை பாப்பேன்."

அவர் புரியாமல் நிற்க, பொன்னழகு விளக்கினார். விளக்கி முடித்தபோது வள்ளியப்பன் கடைப் பையனை அனுப்பிவிட்டுத் தானே ஸ்க்ரூடிரைவரை எடுத்திருந்தார். "புது மெமரி டப்பாவப் பிரிச்சுட்டா வேற ஆளுக்கு விக்க முடியாதுக்கா. ஆனா என்கிட்ட டிஸ்ப்ளே மெஷின்ல போட்டது ரெண்டு வகையும் இருக்கு. அதக் கழட்டித் தாரேன். எனக்கே இது ரொம்ப நாளாத் தெரிஞ்சுக்கணும். பசங்க சி.எல். 14தான் ஒசத்திங்கிறாங்க, நானும் அதையே சொல்லி வித்துக்கிட்டு இருக்கேன். ஒருநாளும் அளந்து பாத்ததில்ல."

பொன்னழகு ஒரு சின்னச் சோதனை தயார் செய்து வைத்திருந்தார். ஒரு மணி நேர வானிலையை மட்டும் கணிக்கும் ஓட்டம். முதலில் இருந்தபடியே ஓட்டினார்கள். முப்பத்து நான்கு நிமிடம் ஆனது. அவ்வளவு நேரமும் இருவரும் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு திரையில் ஏறும் வரிகளைப் பார்த்தபடி இருந்தார்கள். மலையாண்டி ஒரு நடை லோடு அடித்துவிட்டுத் திரும்பியிருந்தார்.

பிறகு பழைய ஸ்டிக்கை எடுத்துவிட்டு, எட்டு எட்டு ஜி.பி.யாக இரண்டு ஸ்டிக்கில் வரும் 3600ஐச் செருகினார்கள். இருபத்திரண்டு நிமிடத்தில் முடிந்தது.

"ஆத்தி!" என்றார் வள்ளியப்பன். "பன்னெண்டு நிமிஷம் மிச்சம். வேகந்தான்க்கா ஜெயிக்குது."

பொன்னழகின் முகத்தில் சந்தோஷம் இல்லை. டிக்கெட்டில் போட்ட கணக்கை எடுத்து வைத்துக்கொண்டார். ஏதோ இடித்தது. "தம்பி, இது நிஜமா 3600ல ஓடுதான்டு எப்படிப் பாக்குறது?"

"ஸ்டிக்குல போட்டிருக்கே."

"ஸ்டிக்குல போட்டிருக்கு. ஓடுறது எம்புட்டு?"

வள்ளியப்பன் பார்த்தார். 2666 என்று காட்டியது. அவர் தலையில் அடித்துக்கொண்டார். புது மெமரியைச் செருகினால் மதர்போர்டு பத்திரத்துக்காக மெதுவாகத்தான் ஓட்டும். செட்டிங்ஸுக்குள் போய் ஒரு அமைப்பை மாற்றினால்தான் எழுதியிருக்கும் வேகத்துக்கு வரும். தினமும் பிறருக்குச் செய்து கொடுப்பதை ஆர்வத்தில் மறந்துபோயிருந்தார்.

"இருங்க, மாத்திருவோம்" என்று கீபோர்டை இழுத்தார்.

"நில்லுங்க நில்லுங்க. வேகம் கூடவே இல்ல. என் பழைய ஸ்டிக்கும் 2666தான். அப்ப பன்னெண்டு நிமிஷம் எங்குட்டு இருந்து வந்துச்சு?"

இருவரும் திறந்து கிடந்த கம்ப்யூட்டருக்குள் பார்த்தார்கள். மாறியிருந்தது ஒன்றே ஒன்றுதான். ஒரு ஸ்டிக் இருந்த இடத்தில் இரண்டு ஸ்டிக்.

"ஜோடியாப் போட்டா நல்லதுன்டு எல்லாருக்கும் தெரியும்க்கா" என்று இழுத்தார் வள்ளியப்பன்.

"ஏன் நல்லது?"

"புராசசருக்கும் மெமரிக்கும் நடுவுல ரெண்டு பாதை இருக்கு. ஒரு ஸ்டிக்குன்னா ஒரு பாதைதான் வேலை செய்யும். ரெண்டு போட்டா ரெண்டும் வேலை செய்யும்."

பொன்னழகு நாற்காலியில் சாய்ந்தார். மூன்று வருடமாக அவருடைய மழையெல்லாம் ஒரே பாதையில் வந்துகொண்டிருந்தது. பக்கத்துப் பாதை காலியாகக் கிடந்திருக்கிறது. வீடியோ எடிட் செய்தவர் விற்கும்போது ஒரு ஸ்டிக்கைக் கழற்றி வைத்துக்கொண்டாரோ என்னவோ. இத்தனை நாளும் எந்த எண் பெரியது, எந்த எண் சின்னது என்று மண்டையைக் குடைந்ததில், எத்தனை ஸ்டிக் என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை.

அதன் பிறகு அமைப்பை மாற்றி 3600லேயே ஓட்டினார்கள். பதினெட்டு நிமிடம். அடுத்து 3200 சி.எல். 14 ஜோடி. இருபது நிமிடம். காத்திருப்பு குறைந்த மெமரி தோற்றது. அப்படியானால் கணிப்பு மென்பொருள் வரிசையாகத்தான் அள்ளுகிறது. மலையாண்டி சொன்ன சிமெண்டு மூட்டை வகை. அந்த நேரம் கோவிலூர்ப் பக்கம் லோடு இறக்கிக்கொண்டிருந்த அவருக்குப் பொன்னழகு போன் போட்டுச் சொன்னார். "அப்ப சாப்பாட்டுக்கு வந்துர்றியா?" என்று கேட்டார் அவர்.

பொன்னழகு போகவில்லை. வள்ளியப்பன் விடவில்லை. "எனக்கு ஒண்ணு தெரியணும்க்கா" என்று, தன் கடை மெஷினில் இரண்டு ஜோடிகளையும் மாற்றி மாற்றிப் போட்டு, இளவட்டங்கள் விளையாடும் ஒரு கேமை ஓட்டிப் பார்த்தார். அங்கே முடிவு தலைகீழ். சி.எல். 14 ஒரு நூலளவு முந்தியது. திரையில் நொடிக்கு மூன்று நான்கு படம் கூடுதல். மூன்று தடவை ஓட்டினார், மூன்று தடவையும் அப்படியே. கேம் அங்கொன்று இங்கொன்றாகத் தேடி ஓடுகிறது. ஒவ்வொரு தேடலுக்கும் கேட்டில் நிற்க வேண்டும்.

"பசங்க சொன்னது பொய்யில்ல" என்றார் வள்ளியப்பன். அவர் குரலில் ஒரு நிம்மதி. "ஆனா ஒங்களுக்கு நான் அதையே சொல்லி வித்திருந்தா தப்பு."

"நான் கேட்டிருந்தா வித்திருப்பீகளா?"

"அளந்து பாக்காம வித்திருப்பேன்" என்று ஒப்புக்கொண்டார். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவர் கடைக்கு மெமரி கேட்டு வருபவர்களிடம் முதலில் "எதுக்கு?" என்று கேட்பதாகக் கேள்வி. சிலருக்கு எரிச்சலாக இருக்கிறதாம்.

பொன்னழகு 3600 ஜோடியோடு வீடு திரும்பினார். திங்கட்கிழமை பத்தரைக்குத் தொடங்கிய ஓட்டம் இரண்டேகாலுக்குள் முடிந்துவிட்டது. நாலு மணிக்கு என்ன நடக்கும் என்பது ஒன்றே முக்காலுக்கு முன்பே அவர் போனுக்கு வந்தது. அலுவலகத்தில் டிபன் பாக்ஸைத் திறந்திருந்தவர் அதை அப்படியே மூடிவைத்துவிட்டுக் குழுவுக்குச் செய்தி எழுதினார்.

அந்த வாரம் இரண்டு நாள் சொன்னபடி பெய்தது. ஈஸ்வரன் இரண்டு நாளும் கடலையை மூடிவிட்டுப் படம் எடுத்துக் குழுவில் போட்டார். மூன்றாவது நாள் பொன்னழகு நேமத்தான்பட்டிக்கு மழை சொன்னார். ஈஸ்வரன் ஆள் வைத்து மொத்தத்தையும் அள்ளி உள்ளே போட்டார். நேமத்தான்பட்டியில் வெயில் காய்ந்தது. மழை கோட்டையூரில் கொட்டியது. பொன்னழகு வீட்டுக் கொடியில் காய்ந்த துணி முழுக்க நனைந்தது.

"தங்கச்சி, கம்ப்யூட்டரு வேகமாத்தான் இருக்கு" என்று ஈஸ்வரன் குரல் பதிவு போட்டார்.

பொன்னழகு அந்த நாளின் கணிப்பை உட்கார்ந்து திரும்பப் பார்த்தார். கடல் காற்று பிற்பகல் ஒன்றரைக்கே காரைக்குடியைத் தொட்டுவிடும் என்று கணிப்பு நினைத்திருந்தது. கிழக்கிலிருந்து வரும் அந்த ஈரக் காற்று, மேற்கிலிருந்து வரும் காய்ந்த காற்றோடு மோதும் இடத்தில்தான் மழை எழும்பும். அன்று கடல் காற்று வரத் தாமதமாகியிருக்கிறது. மோதிய இடம் கிழக்கே கோட்டையூர்ப் பக்கம் தள்ளிப்போயிருக்கிறது. கணிப்பு இரண்டேகாலுக்குள் முடிகிறதென்றால், மழைக்கு முன்பு நிஜக் காற்று என்ன செய்கிறது என்று நேரில் பார்க்கலாமே? ஏழு மணி நேரம் ஓடிய காலத்தில் அவருக்கு இந்த யோசனையே வந்ததில்லை. வந்திருந்தாலும் நேரம் இருந்திருக்காது.

அலுவலக மொட்டை மாடியில் காற்றுத் திசைகாட்டி ஒன்று உண்டு. பல வருடம் யாரும் கண்டுகொள்ளாமல் துருப்பிடித்துக் கிடந்தது. பொன்னழகு எண்ணெய் விட்டுச் சுழலவிட்டார். இப்போது தினமும் மதியச் சாப்பாட்டை மாடியிலேயே முடித்துக்கொள்கிறார். ஜூன் மாதத்தில் ஒரு நாள் அவர் அனுப்பிய செய்தி எங்கள் குழுவில் இன்னும் இருக்கிறது: "கணிப்பு நேமத்தான்பட்டிக்கு நாலரைக்கு மழை சொல்லுது. ஆனா மணி ரெண்டு ஆகியும் காத்து மேக்க இருந்துதான் அடிக்குது. எனக்கு நம்பிக்கை பாதிதான். ஈஸ்வரண்ணே, தார்ப்பாயைப் பக்கத்துல வச்சுக்கங்க, இப்பவே மூட வேணாம்."

ஈஸ்வரன் அப்போது மூடவில்லை. மூன்று மணிக்குக் காற்று திரும்பியது. அதைப் பொன்னழகு உடனே எழுதினார். ஐந்தே காலுக்கு நேமத்தான்பட்டியில் தூறல் விழுந்தது. அதற்குள் தார்ப்பாய் போட்டாகிவிட்டது.

போன வாரம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். கடல் காற்று சில நாள் ஏன் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகிறது என்பதுதான் இப்போது அவருடைய கேள்வி. தொண்டிப் பக்கம் கடல் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதைப் பொறுத்ததாக இருக்குமோ என்று சந்தேகப்படுகிறார். கடலின் வெப்பநிலை தினமும் எங்கே கிடைக்கும் என்று தேடிக்கொண்டிருந்தார். மலையாண்டி வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டே, தொண்டிக்கு ஒரு லோடு கிடைத்தால் தெர்மாமீட்டரோடு கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.